ஐந்து கூடைக் கணக்கு

கிஷாந்துக்குக் கொய்யா மரத்திலிருந்து விழ வேறு வாரமே கிடைக்கவில்லை! தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனோடு கிரிக்கெட் இறுதி ஆட்டம். இவனோ காலில் மாவுக்கட்டோடு லயத்து வரிசை வீட்டு வாசலில். அவர்களுடைய மேல் டிவிசன் ஜெயித்தால் முதலில் தப்பு மேளம் அடிப்பது எப்போதும் அவன்தான். வேறு யாரையும் தொட விடமாட்டான்.

"அக்கா, ஜெயிச்ச அந்த நிமிஷமே எனக்குத் தெரியணும்" என்று கண்ணைக் கசக்கினான்.

"தெரிய வைக்கிறேன்டா, அழாத" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் பிரேமினி.

ஆனால் எப்படி? மைதானம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கத்தினால் தண்ணீர் இரைச்சலில் கேட்காது. எழுதிக் காட்டினால் அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது. ஒன்றையும் பூச்சியத்தையும் மட்டும் வைத்து எழுதும், பள்ளிக்கூடத்தில் படித்த துவித எண் சட்டென்று நினைவுக்கு வந்தது. தம்பிக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்த அக்காமார் ஐவரிடம் ஐந்து காலிக் கூடைகளை வாங்கி, மேட்டில் வரிசையாக வைத்தாள். அவற்றின் மதிப்பு பதினாறு, எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. நிமிர்ந்து நிற்கும் கூடைகளை மட்டும் கூட்ட வேண்டும். வருவதுதான் ஜெயிக்கத் தேவையான ஓட்டம். ஐந்தும் கவிழ்ந்தால் பூச்சியம். அப்படியென்றால் வெற்றி!

இருபத்தொன்று வேண்டும். பதினாறு, நாலு, ஒன்று என்று மூன்று கூடைகளை நிமிர்த்தினாள். லயத்து வாசலில் சிவப்புத் துண்டு ஆடியது. தம்பிக்குப் புரிந்துவிட்டது!

மேல் டிவிசனுக்கு மட்டை பிடித்த அழகன் அண்ணன் ஒரு நாலு அடித்தார். இனிப் பதினேழு. நடுக்கூடையைக் கவிழ்த்துவிட்டு, பிரேமினி பந்தைப் பார்க்க ஓடினாள். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது.

டமடமடம! லயத்திலிருந்து மேளம்!

"ஆட்டமே முடியல, அதுக்குள்ள கொட்டா?" என்று கீழ் டிவிசன்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

பிரேமினி திரும்பிப் பார்த்தாள். ஐந்து கூடைகளும் கவிழ்ந்து கிடந்தன!

"நான்தான் கவுத்தேன் கண்ணு. மழை பெய்யுதுல்ல, கூடை நனைஞ்சிருமே" என்றார் நாகலெட்சுமி அக்கா.

"ஐயோ அக்கா! நாம ஜெயிச்சிட்டோம்னு தம்பி நெனச்சிட்டான்!"

கூடையை நிமிர்த்தினால் மறுபடி யாராவது கவிழ்ப்பார்கள். மழை வந்தால் தோட்டத்தில் யார் கையும் சும்மா இருக்காது. பிரேமினி ஒரு நொடி யோசித்தாள்.

"நீங்க அஞ்சு பேரும் வரிசையா வாங்கக்கா! நிக்கிறவங்கதான் கணக்கு. ஒக்காந்தா கணக்கு இல்ல!"

இரண்டு ஓரத்திலும் இருந்தவர்கள் நின்றார்கள். நடுவில் மூவர் உட்கார்ந்தார்கள். பதினாறும் ஒன்றும் பதினேழு. மேளம் கப்சிப்!

ஓட்டங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. அக்காமார் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். கடைசிப் பந்துக்கு நாலு வேண்டும். நடுவில் நாகலெட்சுமி அக்கா மட்டும் நின்றார். அழகன் அண்ணன் ஓங்கி விளாசினார். பந்து எல்லையைத் தாண்டித் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது!

ஐந்து அக்காமாரும் எழுந்து துள்ளினார்கள்.

"ஒக்காருங்க, ஒக்காருங்க! இன்னும் முப்பத்தொண்ணு வேணும்னு நெனச்சு அழுதுருவான்!" என்று பிரேமினி அலறினாள்.

சேற்றில் தொப்பென்று ஐவரும் உட்கார்ந்தார்கள். பிரேமினி லயத்தைப் பார்த்தாள்.

டமடமடம!

இந்தத் தடவை கிஷாந்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.