ஏற்பாளரின் முறை

மாலையில் வெண்பா குக்கரை அடுப்பில் ஏற்றினாள். ஏற்புப்பலகையை எடுத்து, திரை தெரியும்படி சமையல் மேடைமேல் சாய்த்து வைத்தாள். இந்த மாதம் அவளுடைய முறை.

பலகை அதிர்ந்தது.

'உன் பக்கத்துல உக்காந்தா நாத்தம் தாங்கல. அதான் எல்லாரும் இடம் மாறுறாங்க.'

யாரோ ஒரு சிறுமிக்கு வந்தது. அவள் பெயரைப் பலகை காட்டாது. அனுப்பியவர் பெயரையும் காட்டாது. காப்புவலை அதை வழியிலேயே பிடித்து இங்கே தள்ளியிருந்தது. அந்தச் சிறுமி இதைப் பார்க்கமாட்டாள். அவள் இடத்திலிருந்து வெண்பா படிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும்.

முதலில் இயந்திரமே பதில் எழுதியது. அனுப்பிய பிள்ளைகள் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிட்டார்கள். பதிலில் வலி இல்லை. வலியை நேரில் தேடிப் பள்ளி வாசலில் போய் நின்றார்கள். அதன் பிறகுதான் பெற்றோர்களை ஏற்பாளர்களாக்கி மாத முறை வைத்தார்கள். கொஞ்சமாக அழ வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அதிகம் அழுதால் அனுப்புகிறவர்கள் ருசி கண்டுவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு இது தெரியாது. பதினெட்டு வயதில் சொல்வார்கள். அதற்கு முன் தன் பிள்ளையிடம் ஏற்பாளர் வாய் திறந்தால், அந்தப் பிள்ளைக்குக் காப்பு நீங்கிவிடும். பலகைக்குக் காது உண்டு.

'ஏன் இப்படிச் சொல்ற? நான் உன்னை என்ன பண்ணேன்?' என்று எழுதினாள்.

எதிர்வீட்டுப் பர்வீன் உறைமோர் கேட்டு வந்தாள். பலகையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கா இந்த மாசம்? போன மாசம் எனக்கு. ஒருத்தன் தினமும் என்னைப் பூசணிக்காய்னு கூப்பிட்டான்க்கா. எங்க வீட்டுக்காரர் கூப்பிடறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

இருவரும் சிரித்தார்கள். பர்வீனின் சிரிப்பு முதலில் நின்றது.

"எனக்கு இல்லைனு தெரியுதுக்கா. ஆனாலும் கண்ணாடி முன்னாடி நின்னா அவன் குரல்தான் கேக்குது. குரலைக் கேட்டதே இல்ல, பாருங்க."

அவள் கிண்ணத்துடன் போனாள். உள்ளறையில் மகள் ஆழினி சிரித்தாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்ததும் போனுடன் படுத்துவிடுவாள்.

பலகை அதிர்ந்தது. 'அழறியா? போட்டோ அனுப்பு.'

'அழல.'

உள்ளே, "ச்சே" என்ற சத்தம். பலகை அதிர்ந்தது. 'பொய்.'

வெண்பாவின் கை நின்றது. சோதித்துப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. சோதித்தாள்.

'ஆமா. அழறேன்.'

உள்ளறையில் சிரிப்பு வெடித்தது.

அவள் கதவருகே போய் நின்றாள். "யார்கிட்ட பேசுற?"

"ஃப்ரெண்டும்மா."

"எந்த ஃப்ரெண்ட்?"

"உனக்குத் தெரியாது. விடேன்." ஆழினி நிமிரவில்லை. உதட்டோரம் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது. "பசிக்குது. என்ன குழம்பு?"

வெண்பா அடுக்களைக்குத் திரும்பியபோது பலகையில் ஒன்று காத்திருந்தது.

'நாளைக்கு லேப்ல உன் முடியை வெட்டப் போறோம். வீடியோ எடுப்போம்.'

பலகையின் ஓரத்திலிருந்த அபாயப் பொத்தானை அழுத்தினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். அதுவேதான் வந்தது. வார்த்தையை அவளால் ஏற்க முடியும். முடிக்கு ஏற்பாளர் கிடையாது. போனைப் பிடுங்கி வைக்கலாம். கத்தரிக்கோலுக்குப் போன் வேண்டாம்.

அடுப்பை அணைத்தாள். பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மகள் மடியில் வைத்தாள்.

"இதுல இருக்கறது எல்லாம் நீ எழுதினது."

ஆழினி படித்தாள். முகம் வெளுத்தது. பிறகு வேறு ஏதோ அதில் வந்தது.

"அப்ப அவ எதையுமே படிக்கலையா?"

"இல்ல."

"அதான் தினமும் சிரிச்சுக்கிட்டே வர்றாளா?" ஏமாற்றத்தில் குரல் உடைந்தது. "அழுதது?"

"நான்."

பலகை அணைந்தது. ஆழினியின் போன் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. கட்டில் சட்டம் நடுங்கியது.

"ஃப்ரெண்ட்ஸா இருக்கும்," என்று எடுத்தாள்.

எல்லாம் அவளுக்கு வந்திருந்த பழைய செய்திகள். ஆறாம் வகுப்பு நாளிலிருந்து சேர்ந்தவை. அவளுடைய பல்லைப் பற்றி. நடையைப் பற்றி. அப்பா விட்டுப்போனதைப் பற்றி. ஒவ்வொன்றின் கீழும் அவள் பெயரில் ஒரு பதில். 'ப்ளீஸ் விட்டுடு.' 'நான் உன்னை என்ன பண்ணேன்?' 'இன்னிக்கு ரொம்ப அழுதேன்.'

"இதெல்லாம் நான் எழுதலம்மா."

"தெரியும்."

"யாரும்மா இது? எனக்காக யாரு அழுதா?"

வெண்பாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஆழினி போனைத் தரவில்லை.

திரையில் புதிதாக ஒன்று வந்தது. அதன் கீழே பதில் இல்லை.

ஆழினி அதைப் படித்தாள்.