சேர்த்தி இல்லை

மேசை காய்ந்திருந்தது. அதன்மேல் கிடந்த தாளில் மட்டும் ஓர் ஈரக் கைத்தடம், ஐந்து விரல்களோடு, ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அருங்காட்சியக அதிகாரி அதைக் கைக்குட்டையால் ஒற்றினார். ஜன்னல்கள் சாத்தியிருந்தும் உப்புத்தண்ணீரும் புளித்த பாலும் கலந்த வாடை மதியத்திலிருந்தே மூக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. என்றோ மூழ்கிய கப்பலுக்கு நினைவுக்கல் தயாராகிறது. எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று முடிவாகச் சொல்ல வேண்டியவர் அவர். டிக்கெட் கணக்கு ஒத்துப்போய்விட்டது. பிழைத்து வந்த தாய்மார்கள் அன்றைய விசாரணையில் சொன்னதுதான் இடித்தது. மடியிலிருந்த பிள்ளையைக் கடல் கொண்டுபோனதாகப் பலரும் அழுதிருந்தார்கள். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. ஆகவே அது ஏறவும் இல்லை, சாகவும் இல்லை. கப்பல் கம்பெனி அன்றைக்கே அழகாகக் கைகழுவியிருந்தது.

அவருக்கும் அதுவே வசதியாகப்பட்டது. தோண்ட ஆரம்பித்தால் மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டில் பச்சைக்குழந்தை இருக்கிறது, நேரத்தோடு போக வேண்டும்.

எண்ணைச் செதுக்குவது மட்டும்தான் பாக்கி என்று கல்தச்சர் போனில் அவசரப்படுத்தினார்.

"பிள்ளைங்கள என்ன பண்றது சார்?"

"கைக்குழந்தையெல்லாம் கணக்குல சேர்த்தி இல்ல. நீங்க செதுக்குங்க."

போனை வைத்ததும் முதுகுக்குப் பின்னால் யாரோ விரல் சப்பும் சத்தம். திரும்பினார். அலமாரிதான் இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அந்த வாடை அவருக்கு முன்பே உள்ளே வந்திருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பெரியவர்கள் துணி. பாப்பா தூங்கிவிட்டாளா என்று கேட்டார்.

"எந்தப் பாப்பா?"

எப்போதும் அவரைக் கேலி செய்கிறவள்தான். சிரித்தார்.

"விளையாடாத. நம்ம பாப்பா."

"இந்த வீட்டுல நாம ரெண்டு பேர்தானேங்க?"

அவள் முகத்தில் கேலி இல்லை. அவள் சட்டையில் பால் கசிந்து பரவிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

போன் அடித்தது.

"நீங்க சொன்னபடியே செதுக்கிட்டேன் சார். இனி மாத்த முடியாது."

படுக்கையறைக்கு ஓடினார். இருட்டு. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கனமாக. சொட்டு. சொட்டு.

துணியை விலக்கினார்.

கறுத்த நீர். விளிம்புவரை. அடியில் முகங்கள். எல்லாம் சின்னவை. எல்லாம் கண் திறந்திருந்தன. பச்சைக்குழந்தையின் பார்வையில் இவ்வளவு வன்மம் இருக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. அவர் மகளும் அங்கேதான் இருந்தாள். எது அவள் என்றுதான் தெரியவில்லை.

கையை உள்ளே விட்டார். தரை தட்டவில்லை. குட்டிக் குட்டி விரல்கள் பற்றிக்கொண்டன. விடவில்லை.

அவர் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.