அவசியம் வீட்டுக்கு வாங்க

மழை பெய்து நாளாகிவிட்டது. ஆனாலும் புனலூர் தொங்குபாலத்தின் நடுவில் நின்ற அந்தப் பெண்ணின் சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வடிவம்மாள் அதைப் பார்க்கத்தான் செய்தாள். கீழே ஆற்றில் குளித்துவிட்டு ஏறி வந்திருப்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் ஐயம்பெருமாள் போய்ச் சேர்ந்த பிறகு ஆழ்வார்குறிச்சி வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. மகன் கனடாவில். டீச்சர் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. சுவரோடு பேசி அலுத்துப்போய்த்தான், எல்லை தாண்டி ஒரு பகல் சுற்றிவிட்டு வரலாமென்று தென்காசியில் பஸ் ஏறியிருந்தாள். வந்த இடத்தில் எல்லோரும் மலையாளம் பேசிக்கொண்டு, ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் இருந்ததைவிட இங்கேதான் தனிமை கூடுதலாக உறுத்தியது.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அசல் நெல்லைப் பேச்சு.

"அக்காவுக்கு எந்த ஊரு?"

வடிவம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊர், பேர், முழங்கால் வலி, மருமகள் பேசாதது என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"யாரு இருக்கா? நான் ஒத்தையாத்தான் கெடக்கேன்."

கிளம்பும்போது நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சொல்வதைத்தான் வடிவம்மாளும் சொன்னாள். "எங்கூருப் பக்கம் வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க." கேட்டவர் சரியென்று தலையாட்ட வேண்டும், இரண்டு பேரும் மறந்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். அந்தப் பெண் தலையாட்டவில்லை.

"நெசமாத்தான் கூப்பிடுதீங்களா?"

இப்படி யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கூப்பிட்ட வாயால் இல்லையென்றா சொல்வது?

"பின்ன? வாங்க" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆரியங்காவு வளைவுகளில் ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தள்ளாடினார்கள். வடிவம்மாளின் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே கிடந்தது. உட்கார வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இருக்கையில் தண்ணீர் தேங்கி நின்றது. சன்னல் காற்றையும் மீறி, நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் பாசி வாடை, அவள் நகர்ந்தால் நகர்ந்து, குனிந்தால் குனிந்து, தோளோடு ஒட்டியே ஊர்வரை வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்து, உள்ளே காலெடுத்து வைத்து, லைட்டைப் போட்டாள். பின்னால், வாசற்படியில், சொட்டுச் சொட்டாகச் சத்தம்.

"அக்கா, வரலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வடிவம்மாள் நினைத்தாள். ஆனால் வாசலில் வந்து நின்றவர்களிடம் அவள் இந்த வயது வரைக்கும் அப்படிச் சொன்னதில்லை. நாக்கு பழகியதைத்தான் சொன்னது.

"வாங்க."

சத்தம் படியைத் தாண்டியது. முன்கூடமான பட்டாசாலைக்கு வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். காபிக்குப் பால் வைத்தாள். போய்விடுவாள். காபி குடித்தால் போய்விடுவாள். விருந்தாளி என்றால் போகத்தானே வேண்டும்.

பட்டாசாலையில் சத்தம் நிற்கவில்லை. கூடியது. ஓடு ஒழுகுகிற மாதிரி, எல்லாப் பக்கமும்.

"நீங்க ஒத்தையா கெடக்கேன்னு சொன்னீங்கல்லா" என்றது குரல். "அதான் எங்க ஆளுக எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன்."

வடிவம்மாள் திரும்பினாள்.

பட்டாசாலை நிறைய ஆட்கள். ஆண்கள். பெண்கள். சம்மணமிட்டு, சுவரோடு சுவராக. எல்லார் தலைமுடியிலிருந்தும் தண்ணீர். கடைசியாக வந்த பெரியவர் தெருக்கதவைப் பைய சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். உடம்பு ஊதிப்போன ஒரு சின்னப் பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டே அந்த ஈரத் தரையைக் கையால் தட்டிக் காட்டியது.