படத்தில் வாடிய மரம்

காமாக்ஷி போட்டோவை மேஜைமேல் வைத்துவிட்டு விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். துப்பறிவாளர் தணிகாசலம் குனிந்து பார்த்தார். அவருடைய ஆட்டோக்காரனும் கூட்டாளியுமான ஜவஹரும் எட்டிப் பார்த்தான்.

படத்தில் காமாக்ஷியின் அக்கா ஸ்ரீலக்ஷ்மி அடையாற்றங்கரையில் ஒரு மரத்தடியில் நின்றிருந்தாள். முகத்தில் பளீரென்று வெளிச்சம். முதுகுக்குப் பின்னால் அடிமரம், தோளருகே ஒரு கிளை. படமெடுத்த அன்று இரவே அவள் உடல் ஆற்றில் மிதந்தது. உச்சிவெயிலில் படமெடுத்துவிட்டு நங்கநல்லூர் போய்விட்டதாகவும், அதன்பின் அவளைப் பார்க்கவே இல்லை என்றும் கணவன் கிரீஷ் சொன்னான். போலீஸ் நம்பியது. தற்கொலை என்று மூடிவிட்டார்கள்.

"விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்துண்டிருந்தா. சாகப்போறவளுக்கு வக்கீல் எதுக்கு?" என்ற காமாக்ஷி குரலைத் தாழ்த்தினாள். "நேத்து மத்தியானம் அந்த மரத்தைப் பார்த்தேன். பச்சைப்பசேல்னு இருக்கு. படத்துல மட்டும் வாடித் தொங்கறது. அவ சாகப்போறது அந்த மரத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு சார்."

ஜவஹருக்குப் பிடரி சிலிர்த்தது. காட்டிக்கொள்ளாமல், "வேற மரமா இருக்கும். இது பட்டுப்போன புளியமரம்" என்றான். அடிமரத்தில் இருக்கும் அதே வெட்டுத் தழும்பைத் தொட்டே பார்த்ததாகக் காமாக்ஷி சொன்னாள்.

தணிகாசலம் லென்ஸை நகர்த்தினார். "புளியிலை பொடிசா ஒரே காம்புல இருக்கும். இதுல காம்புலேர்ந்து கிளைக்காம்பு பிரியுது. இலையும் பெரிசு. கீழ பாரு, ரோஸ் கலர்ல குச்சம் மாதிரி பூ. கறுப்பா தட்டைக் காய்."

"தூங்குமூஞ்சி மரம். நம்ம ஆட்டோ ஸ்டாண்டுல கூட ஒண்ணு கீதே" என்றான் ஜவஹர்.

"கிரீஷைச் சாயங்காலம் அந்த ஆத்தங்கரை மரத்துக்குக் கூட்டிட்டு வா."

கிரீஷ் முறைத்துக்கொண்டே வந்தான். அன்று மேகமூட்டமா என்று தணிகாசலம் கேட்டதற்கு, ஒரு பொட்டு மேகம்கூட இல்லை, கொளுத்தும் வெயில் என்றான்.

நால்வரும் மரத்தடியிலேயே காத்திருந்தார்கள். வெளிச்சம் வடிந்தது. தலைக்குமேல் இலைகள் ஜோடி ஜோடியாக மூடித் தொங்கின. காமாக்ஷி போட்டோவைக் கிளையருகே பிடித்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன.

"இந்த மரம் பொழுது சாய்ஞ்சா இலையை மூடிக்கும். மழை மேகம் கவிஞ்சாலும் மூடும், அது இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. முகத்துல இருக்கிறது வெயில் இல்ல, ஃப்ளாஷ். இருட்டும்போது அவங்களோட நீங்க இருந்திருக்கீங்க."

கிரீஷ் ஆற்றையே பார்த்தான். "தள்ளிவிட்டப்புறம், வக்கீல் வேண்டாம், உங்களோடயே வந்துடறேன்னு தண்ணியிலேர்ந்து கத்தினா" என்றான்.

ஜவஹர் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அது சில்லென்றிருந்தது.

அன்றிலிருந்து, ஸ்டாண்டில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில், பொழுது சாய்ந்தபின் ஜவஹர் ஆட்டோவை நிறுத்துவதில்லை.