நாலாவது அறையில் முழு சிக்னல்

நாலாவது அறைக்குள் நுழைந்ததும் டேவிட்ராஜின் போனில் சிக்னல் முழுசாக ஏறியது. சிக்னல் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களைத்தான் அவன் தொழிலில் பார்த்திருக்கிறான். கிடைத்துவிட்டதே என்று பயந்தது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் அந்த அறையின் உச்சியில் பச்சை விளக்கு எரிய மாட்டியிருந்த வைஃபை பெட்டி வெறும் கூடு. மாட்டியவனே அவன்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் இருந்தது குப்புராஜின் குளிர்பதனக் கிடங்கு. சூட்டில் புளி கறுத்துவிடாமலிருக்கக் கட்டியது. தெர்மாகோல் அடைத்த தகரச் சுவர், கனத்த கதவு. டவர் சிக்னல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடும். போன மார்கழியில் நாலு அறைக்கும் வைஃபை போடக் கூப்பிட்ட குப்புராஜ், மாட்டுச் சந்தையில்போல் துண்டுக்கடியில் விரல் பிடிக்காத குறையாகப் பேரம் பேசினார். "மூணு பொட்டிக்குத்தான் காசு தம்பி. நாலாவதை நம்ம பழக்கத்துக்குப் போட்டுக் குடு."

டேவிட்ராஜும் சந்தைக்காரப் பிள்ளைதான். சிரித்துக்கொண்டே சரியென்றான். கூட்டுக்குள் ஒரு பேட்டரி, ஒரு குட்டிப் பச்சை பல்பு, அவ்வளவுதான். போகிற போக்கில் கூலியாட்களிடம், "பச்சை எரிஞ்சா கவலையே இல்ல, அதுக்குக் கீழ நின்னு பேசுங்க" என்று வேறு சொல்லிவைத்தான்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம், மூட்டை எண்ணப் போன கூலிக்காரி கண்ணம்மாளை உள்ளே வைத்துக் கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் காலையில்தான் திறந்தார்கள். பச்சை விளக்குக்கு நேர் கீழே உயிரில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர். ஊரே நம்பியது, டேவிட்ராஜைத் தவிர.

இப்போது கிடங்கு முழுக்க, எங்கே நடந்தாலும் பேச்சு அறுபடாதபடி புதுசாகப் போடச் சொல்லியிருந்தார் குப்புராஜ். டேவிட்ராஜ் பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டதில் அவருக்கே லேசாகச் சந்தேகம். கூட்டைச் சத்தமில்லாமல் கழற்றி நிஜப் பெட்டியை மாட்டிவிட்டால் கண்ணம்மாள் விவகாரம் அதோடு தீர்ந்தது என்பது இவன் நினைப்பு.

வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் ஏணியில் ஏற ஏற, புளிவாடையும் ஈரச் சாக்கின் வாடையும் மூக்கிலேயே உறைந்து நிற்க, கூரையோரத்து விசிறி யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுவதுபோல் இழுத்து இழுத்துச் சுற்ற, மூட்டை அடுக்குகளின் நிழல்கள் அவன் நெற்றி விளக்கு திரும்பிய பக்கமெல்லாம் ஒரு நொடி தாமதித்துத் திரும்பின. மூடியைக் கழற்றினான். பேட்டரி பொங்கி, துருப்பிடித்து, செத்துக் கிடந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே சார்."

ஏணிக்கடியில் நஞ்சப்பன். கிடங்கின் வாட்ச்மேன். கண்ணம்மாளின் புருஷன்.

"இப்ப வர்றதெல்லாம் இப்டித்தானுங்கண்ணா. உள்ள காத்துதான்." சிரித்துப் பார்த்தான். சிரிப்பு வெள்ளைப் புகையாக வெளியே வந்தது.

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நா கேட்டுலதாங்க இருந்தேன். தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சுட்டேன். போனு சட்டச் சோப்புலயே இருந்துச்சு, ஒரு ரிங்கு வர்ல. அன்னிக்கு இந்தப் பொட்டி வேல செஞ்சுதுங்களா? செய்யலீன்னா சொல்லிருங்க சார். அவ கூப்ட்டா, எனக்குத்தான் எட்டலீன்னு மனசு ஆறிக்கும்."

'செய்யல' என்ற ஒரே வார்த்தை. தொண்டைவரை வந்தது. கூடவே போலீஸ் ஜீப்பும், வீட்டில் மனைவி சில்வியா கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வந்தன.

"நல்லாத்தாங்க வேல செஞ்சுது."

"அப்ப அவ என்னைக் கூப்டவே இல்ல."

"கூப்டலீங்க."

நஞ்சப்பன் தலையாட்டினார். காலிக் கூட்டை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக நடந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது.

"நீங்க கூப்டுங்க சார்." கதவுக்கு அந்தப்பக்கம், மெலிதாக. "நா இங்கதான் கேட்டுட்டிருக்கேன்."

முழு சிக்னல். குப்புராஜை அழைத்தான். மணி போனது. காதில் மட்டுமல்ல. மூட்டைகளுக்குப் பின்னாலும்.

வெட்டினான். சில்வியாவை அழைத்தான்.

அதே மணி. மூட்டைகளுக்கு இந்தப்பக்கம்.

கடைசியில் போலீஸையே அழைத்தான்.

ஏணிக்கடியில் அடித்தது. ஒரே ஒரு தரம். யாரோ எடுத்தார்கள்.

குனிந்தான்.

பனி படர்ந்த கூந்தல். காதோடு ஒட்டிய போன் வெளிச்சத்தில் பாதி முகம். உதடுகள் நிற்காமல் அசைகின்றன, சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவன் வாயிலிருந்து புகை. அவள் வாயிலிருந்து புகையே இல்லை.

இன்னொரு கை ஏணியின் முதல் படியில்.