தலை சாய்க்கும் நீதிபதி

"குழந்தையைக் கொஞ்சம் நேரா உட்கார வைங்க."

"நேராத்தான் உட்கார்ந்திருக்கான்."

"தலையைச் சொன்னேன்."

"தலையும் உடம்போடதான் இருக்கு. அதைத் தனியா வேற உட்கார வைக்கணுமா?"

போட்டோக்காரன் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். கோபப்படுவான் என்றுதான் குழந்தையின் சித்தி நினைத்தாள். ஆனால் அவன் சிரித்தான். சிரிப்பு முதலில் கண்ணுக்கு வந்து, பிறகுதான் மெதுவாக உதட்டுக்கு இறங்கியது... சித்தி சட்டென்று குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவள் அவள். அத்தானுக்கு வெளிநாட்டில் வேலை. அக்காவும் பிள்ளையும் அங்கே போகவேண்டும். வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கடைக் கண்ணாடியில் மழைநீர் கோடு கோடாக வழிய, வெளியே தெருவே கரைந்துகொண்டிருந்தது.

பிள்ளை ஏழு மாதக்காரன். வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். யார் என்ன பேசினாலும் தலையை இடது தோள் பக்கம் சாய்த்து, கண் இமைக்காமல், வழக்கு விசாரிப்பது போலக் கேட்பான். அக்காவுக்கும் தங்கைக்கும் தகராறு என்றால் இவனிடம்தான் தீர்ப்பு. அந்தச் சாய்வைப் பார்த்துப் பார்த்து வீடே சொக்கிப்போயிருந்தது.

பாஸ்போர்ட் அலுவலகம் அப்படிச் சொக்குவதில்லை. தலை நேராக இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும்.

போட்டோக்காரன் சாவிக்கொத்தை ஆட்டினான். நாக்கைச் சொடுக்கினான். வலப்பக்கம் போய்க் குயில் மாதிரி கூவினான். ஜட்ஜ் எல்லாவற்றையும் ரசித்தார்... தலையை இடப்பக்கம் சாய்த்தபடியே.

"மியாவ்னு ஒரு தடவை கத்திப் பாருங்களேன்" என்றாள் சித்தி.

"கத்திட்டேன். நீங்க ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, குழந்தையின் வாயில் வழிந்த எச்சிலைக் கைக்குட்டையால் துடைத்தாள். துடைத்த வேகத்தில் கைக்குட்டையின் முனை அவன் ஒரு கண்ணை மூடிவிட்டது.

தலை நிமிர்ந்தது.

அளவெடுத்து வைத்தாற்போல நேராக நின்றது. சித்தி கைக்குட்டையை எடுத்தாள். ஒரு கணம் நேராகவே இருந்துவிட்டு, தலை மெல்லப் பழையபடி இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவை" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

இன்னொரு தடவை மூடினாள். நேராயிற்று. மற்றக் கண்ணை மூடினாள். அப்போதும் நேராயிற்று. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் மட்டும் சாய்ந்தது. புதையலைக் கண்டெடுத்த பிள்ளைகள் போல இருவரும் குனிந்து அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரனின் தலை தன் தலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"மூடுங்க... எடுங்க" என்றான். கேமரா சொடுக்கியது. படம் கிடைத்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மனிதனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. எத்தனையோ குழந்தைங்க இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க. எந்தக் குழந்தையும் இப்படி ஒரே பக்கமா சாய்ஞ்சதில்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது... ஆனா ஒரு டாக்டர்கிட்ட காட்டினா என்ன?"

சித்திக்குச் சுருக்கென்றது. வீடே கொஞ்சிய சாய்வு அது. அதை ஒருவன், இன்றைக்குப் பார்த்தவன், குறை என்கிறானே.

"படம் எடுக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. எங்க குழந்தைக்கு வியாதி கட்டிவிட வேண்டாம்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மழையிலேயே இறங்கிவிட்டாள். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் மனசு கேட்டது... அவன் சொன்னதற்கா இவ்வளவு கோபம்? அவன் சொன்னான் என்பதற்கு அல்லவா? இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றிருந்தால் அவனைப் பிடித்துப்போயிருக்கும். பிடித்துத்தான் போயிருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கேள்வி விடவில்லை. வீட்டில் குழந்தை தூங்கும்போது போய் எட்டிப் பார்த்தாள். தலை நேராக இருந்தது. விழித்தான், சாய்ந்தது. கண்ணாமூச்சி விளையாடுவது போல ஒரு கண்ணைப் பொத்தினாள், நிமிர்ந்தது. பெயர் சொல்லி வலப்பக்கமிருந்து கூப்பிட்டாள். திரும்பினான், சாய்ந்தபடியே திரும்பினான். அப்படியானால் காதில் கோளாறு இல்லை. கழுத்தைத் தடவினால் கெக்கெக்கென்று சிரித்தான். வலியும் இல்லை. பின்னே என்னதான் கேட்கிறான் இந்த ஜட்ஜ், ஒரு பக்கமாக?

"நீ அவனைப் போட்டுப் படுத்தற பாடு இருக்கே" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தங்கை காட்டியதை ஒரு தடவை உற்றுப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றே டாக்டரிடம் நேரம் கேட்டு வைத்தார்கள்.

படத்தை வாங்கப் போனபோது போட்டோக்காரன் எழுந்து நின்றான்.

"அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகப்படியா பேசிட்டேன்."

'இல்லை, நீங்கள் சொன்னதுதான் சரி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வறட்டுக் கௌரவம் முந்திக்கொண்டது.

"படம் நல்லா வந்திருக்கு. அது போதும்" என்றாள்.

அவன் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனாள்.

குழந்தைகள் டாக்டர் நிதானமான அம்மாள். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சின்ன விளக்கைக் கண்முன் மேலும் கீழும் நகர்த்தினார். கண்ணைப் பொத்தினால் தலை நிமிர்வதைச் சித்தி செய்து காட்டியதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்க. கழுத்துல ஒண்ணும் இல்ல. கண்ணைத் திருப்புற தசையில ஒண்ணு பலமில்லாம இருக்கலாம். அப்போ ரெண்டு கண்ணாலயும் பார்த்தா ஒரே பொருள் ரெண்டாத் தெரியும். தலையைச் சாய்ச்சா ஒண்ணாயிடும், ஒரு கண்ணை மூடினாலும் ஒண்ணாயிடும். குழந்தை அதைத் தானாவே கண்டுபிடிச்சு வச்சிருக்கு."

"சும்மாவே குழந்தைங்க தலையைச் சாய்க்கும்தானே டாக்டர்?" என்றாள் அக்கா.

"சாய்க்கும், விட்டுடும். விடாம எப்பவும் ஒரே பக்கம்னா காட்டிடணும். அதோட வாந்தி, சோர்வு, பால் குடிக்காம இருக்கிறது, இதெல்லாம் சேர்ந்தா அன்னிக்கே ஓடி வரணும். சரி, இது எப்பலேருந்து?"

அக்காவும் தங்கையும் விழித்தார்கள். ஜட்ஜ் என்று எப்போது பெயர் வைத்தோம்? யாருக்கும் ஞாபகம் இல்லை. அக்கா ஃபோனை நீட்டினாள். நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. ஆனால் அக்காவுக்கு ஃபோனைக் கோணலாகப் பிடித்து எடுத்தால்தான் ஸ்டைல். எந்தப் படத்தில் குழந்தை சாய்ந்திருக்கிறது, எதில் ஃபோன் சாய்ந்திருக்கிறது என்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"இதைப் பாருங்க" என்று கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள் அக்கா. மூன்றாம் மாதம் ஸ்டூடியோவில் எடுத்தது. பாஸ்போர்ட் படம் எடுத்த அதே ஸ்டூடியோதான். அக்காவின் மடியில் மொட்டைத் தலையும் பொக்கை வாயுமாக ஜட்ஜ். தலை ஊசி போல நேராக இருந்தது.

டாக்டரின் முகம் மாறியது.

"அப்ப நேரா இருந்து, இப்ப புதுசா வந்திருக்குன்னா வெறும் கண்ணோட விட முடியாது. தலைக்குள்ளயும் பார்த்துடணும். மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்கணும். நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வந்துடுங்க."

சித்தி குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டாள். இத்தனூண்டு உடம்புக்கு மயக்க மருந்தா? தலைக்குள் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்துகொண்டே வந்தாள்.

சாயங்காலம் மழை மறுபடி பிடித்தது. கூடத்துச் சுவரில் அதே படம் பெரிதாக மாட்டியிருந்தது. சித்தி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நேரான தலை. எத்தனை தரம் பார்த்தாலும் நேராகத்தான் இருந்தது... ஆனால் என்னவோ ஒன்று கண்ணை உறுத்தியது. நாள் முழுக்கச் சுவருக்கும் தூணுக்கும் கோடு போடுகிற கண் அது. கோணலைக் கண்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது.

அக்காவின் முகம் படத்தில் இல்லை, கழுத்துக்குக் கீழேதான் விழுந்திருந்தது. அந்தக் கழுத்துச் சங்கிலியின் டாலர் குழந்தையின் காதோரம் தொங்கியது. வலப்பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

சங்கிலி எப்படிச் சாய்ந்து தொங்கும்? கொத்தனாரின் தூக்குக்குண்டு என்றைக்காவது சாய்ந்து தொங்கியிருக்கிறதா? மண்ணைப் பார்த்து நேராகத்தானே தொங்கவேண்டும்?

படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். டாலர் நேராகத் தொங்கும்வரை மெல்லத் திருப்பினாள். ஜட்ஜின் தலை மெல்ல மெல்ல அவன் இடது தோள் பக்கம் சாய்ந்தது.

குடையை மறந்து ஓடினாள்.

போட்டோக்காரன் கடையைச் சாத்திக்கொண்டிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்து, நெஞ்சோடு ஒரு படத்தை அணைத்துக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்ததும் பாதி சாத்திய கதவைத் திறந்துவிட்டான்.

"இதை நீங்க திருப்பினீங்களா?"

விளக்கடியில் வைத்துப் பார்த்தான். "இது... அந்தக் குழந்தையா? மொட்டையா இருந்ததுல அடையாளமே தெரியலையே."

"திருப்பினீங்களா, இல்லையா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"திருப்பினேன். தலை ஒரு பக்கமா இருந்தா பார்க்க நல்லா இருக்காதுன்னு... யாரும் கேக்கல, நானாத்தான் கொஞ்சம் திருப்பி, ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். எல்லாருக்கும் செய்யறதுதான்."

"நீங்க திருப்பினதைப் பார்த்துட்டு அந்தப் பச்சை மண்ணுக்கு நாளைக்கு மயக்க மருந்து கொடுக்கப் போறாங்க."

நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். அவன் கம்ப்யூட்டரைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தான்.

"திருப்பாத படம் இருக்கா?"

"இடம் போதலைன்னா பழசை அழிச்சுடுவேன்" என்றான், திரும்பாமலே.

திரையில் முகங்கள் ஓடின. யார் யாரோ குழந்தைகள், கல்யாணக் கூட்டங்கள், அடையாள அட்டைக்கு முறைத்த முகங்கள்... சித்தி நாற்காலியின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள். வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"இருக்கு."

திரை நிறைய ஜட்ஜ். அக்காவின் டாலர் மண்ணைப் பார்த்து நேராகத் தொங்கியது. தலை இடது தோளில் சாய்ந்திருந்தது, இன்றைக்குப் போலவே. மூன்று மாதத்திலேயே அவன் வழக்குக் கேட்கத் தொடங்கிவிட்டான். இது புதிதாக வந்ததில்லை.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. சித்தி அங்கேயே நின்று விசும்பி விசும்பி அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அரக்கப்பரக்க மேஜையைத் துழாவி எதையோ எடுத்து நீட்டினான். லென்ஸ் துடைக்கிற துணி அது. அதில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கையும்தான்.

"உங்க நம்பர் சொல்லுங்க. ஃபோன்ல அனுப்பிடறேன்" என்றான். பிறகு, "நீங்க என்னைத் திட்டலாம்" என்றான்.

"திட்டத்தான் வந்தேன்... வரமாட்டேங்குது."

மறுநாள் காலை அக்காவும் குழந்தையும் டாக்டர் அறைக்குள் இருந்தார்கள். ஃபோனில் வந்த படமும் உள்ளே போயிருந்தது. வெளியே பெஞ்சில் சித்தி மட்டும் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. போட்டோக்காரன், கையில் பெரிதாகப் போட்ட படத்தோடு.

"அதான் ஃபோன்லயே வந்துடுச்சே" என்றாள்.

"வந்துடுச்சு."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?"

"டாக்டர் கேட்டா, நான்தான் திருப்பினேன்னு நேர்ல சொல்லணும்ல."

"அதுக்காக மட்டுமா?"

அவன் படத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். முதல் நாள் கேமராவுக்குப் பின்னால் பார்த்த அதே கண். ஆனால் இப்போது அதில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது.

"இல்ல... அன்னிக்கு நீங்க கோவிச்சுக்கிட்டு மழையில போனீங்களே, அதுலேருந்து எனக்கு எந்த வேலையும் ஓடல. திட்டறதுக்காவது மறுபடி வரமாட்டீங்களான்னு இருந்துச்சு. இது சொல்ற இடமும் இல்ல, நேரமும் இல்ல, தெரியும். ஆனா சொல்லாம இருக்க முடியல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

எதற்கும் சட்டென்று வாய் கொடுக்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது மனசு.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"ஸ்கேன் இப்ப வேண்டாம்னுட்டாங்க. ஆரம்பத்துலேருந்தே இருக்கிறதுதானாம். பெரியவனானப்புறம் தேவைப்பட்டா சின்ன ஆபரேஷன் பண்ணிச் சரிபண்ணிக்கலாமாம், இப்ப கண் டாக்டர் தொடர்ந்து பார்த்தாப் போதுமாம். உங்களையும் உள்ள கூப்பிடறாங்க, வாங்க."

சித்தி எழுந்தாள். கால் தரையில் பாவவில்லை. அவனும் அவள் பின்னால் ஓரடி வைத்தான். நர்ஸ் கையை நீட்டி மறித்தாள்.

"சொந்தக்காரங்க மட்டும்தான். அவங்க குழந்தைக்குச் சித்தி. நீங்க யாரு?"

"நான் வந்து... போட்டோ..." என்று அவன் திணறினான்.

சித்தி திரும்பினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாகவே வந்தது.

"சித்தப்பா."

அவன் கையிலிருந்த படம் நழுவிக் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றவனிடம், "வாங்க, டாக்டர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள் சித்தி.