அதே பெயரில் இன்னொன்று

'உள்ளே இருப்பவர்கள்: இரண்டு' என்றது திரை. அலுவலகத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான்.

விடுமுறைப் பிற்பகல். மூடிய திரைச்சீலைகளுக்குள் பழைய கம்பளத்தின் புழுங்கிய வாடையும், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சர்வர் அறையின் விடாத முனகலும் அவனைச் சுற்றிக் கிடந்தன. வாசலில் அட்டை தேய்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் செயலி, கன்டெய்னர் எனப்படும் மென்பொருள் டப்பா ஒன்றிலும், அதன் டேட்டாபேஸ் இன்னொன்றிலும் ஓடின. அவனுக்கு 'டப்பா டாக்டர்' என்று பெயர். கைவசம் ஒரே வைத்தியம்தான்: மக்கர் செய்யும் டப்பாவை அழித்து, அதே பெயரில் புதிதாக எழுப்புவது. வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

மனைவி அழைத்தாள்.

"குட்டிக்கு ஜுரம் நூத்திரண்டுங்க. அப்பா எங்கன்னு அனத்துறா. டப்பாவுக்கு வைத்தியம் பாத்தது போதும், கிளம்புங்க."

"பத்தே நிமிஷம்மா."

பதற்றத்தில் அழிக்கும் கட்டளையோடு ஓர் எழுத்து கூடுதலாக விழுந்தது. டப்பாக்களோடு, தரவு தங்கியிருந்த வால்யூம் என்ற சேமிப்பிடமும் போயிற்று. ஐந்து வருடப் பதிவு. நகலா? 'அடுத்த வாரம் எடுக்கலாம்' என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், மகராசன்.

எல்லாவற்றையும் மறுபடி எழுப்பினான். வெற்று அட்டவணை. பூஜ்யம்.

ஒரு வரி முளைத்தது. அவன் பெயர். அவன் அட்டை எண். 'உள்ளே வந்தார்: இப்போது. கதவு: சர்வர் அறை.'

அவன் அட்டை சட்டைப்பையில் இருந்தது.

பின்னால் கண்ணாடிக் கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. பிடரியில் குளிர் படிந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள், அவன் செருமுகிற அதே இரட்டைச் செருமல். திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. காலடிகள் நாற்காலியைக் கடந்தன. நிதானமாக. வாசலை நோக்கி.

பீப்.

'வெளியே சென்றார்.' உள்ளே: பூஜ்யம்.

ஓடினான். அட்டையைத் தேய்த்தான். சிவப்பு. மறுபடி. சிவப்பு. வெளியே போய்விட்டவருக்குக் கதவு திறக்காது. அந்த விதியை எழுதியவனே அவன்தான்.

வீட்டுக்கு அழைத்தான். எடுத்தாள்.

"கதவைத் திறக்காதம்மா! யார் வந்தாலும்..."

"யாருங்க நீங்க? அவர் குரல்ல பேசுறீங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "அவர் இப்பத்தான வந்தாரு. குட்டி அவர் மடியிலதான் இருக்கா."

அவளுக்குப் பின்னால் இரட்டைச் செருமல். பிறகு, தூக்கக் கலக்கத்தில் குழந்தை:

"அப்பா, நெத்தியிலேர்ந்து கையை எடு. ரொம்பச் சில்லுன்னு இருக்கு... அப்பா, எடுப்பா..."